1,200 பெட்டிகளில் போன கலங்கரை விளக்கம்: நியூ கலிடோனியாவின் அமேடே திட்டு, 1862–1865

எதைப் பற்றிய ஆய்வு

நியூ கலிடோனியா தென் பசிபிக்கில் இருக்கிறது. இன்றும் பிரான்சின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. அதன் தலைநகர் நூமேயாவிலிருந்து தெற்கே சுமார் 22 கிலோமீட்டர் கடலில் போனால் அமேடே என்ற சின்ன மணல்திட்டு வரும். காலாற நடந்தே சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான் அதன் அளவு. அந்தத் திட்டின் மேல் 56 மீட்டர் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று ஓர் இரும்புக் கோபுரம் நிற்கிறது. உள்ளே சுழன்று ஏறும் 247 படிகள். 1865 நவம்பர் 15 அன்று முதன்முதலாக ஏற்றப்பட்ட அந்த விளக்கு 160 ஆண்டு தாண்டியும் கப்பல்களுக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறது.

தொலைதூரத் தீவில், கல்லும் கொத்தனும் இல்லாத இடத்தில், உப்புக் காற்றில், புயல் பாதையில் ஒரு பெரிய கட்டுமானம் செய்ய வேண்டியிருப்பவர்களுக்கு அமேடேயில் படிக்க நிறைய இருக்கிறது. சில முடிவுகள் அபாரமாகப் பலித்தன. ஒரு முடிவு, என் கணக்கில், மனித உயிர்களை வைத்து ஆடிய ஆபத்தான தாமதம். இரண்டையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம். சம்பந்தப்பட்டவர்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன்: பாரிசில் இருந்த கலங்கரை விளக்கத் துறையின் தலைவர், இரும்பு வேலை எடுத்த ஒப்பந்தக்காரர், திட்டில் நின்று வேலை வாங்கிய மேற்பார்வையாளர், அவர் கீழ் உழைத்தவர்கள், பிறகு வந்த விளக்குக் காவலர்கள்.

பின்னணி

1774 செப்டம்பரில் ஜேம்ஸ் குக் இந்தத் தீவைக் கண்டு அதற்கு நியூ கலிடோனியா என்று பெயர் வைத்தார். கனாக் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்துவந்தார்கள். 1853 செப்டம்பர் 24 அன்று பிரான்ஸ் தீவைத் தனதாக்கிக்கொண்டது. மறு ஆண்டே இன்றைய நூமேயா இருக்கும் இடத்தில் துறைமுகக் குடியிருப்பு ஒன்று உருவானது. அப்போது அதன் பெயர் போர்-த-பிரான்ஸ். நூமேயா என்ற பெயர் 1866இல்தான் வந்தது.

துறைமுகம் நல்லது, உள்ளே அமைதியான தண்ணீர். ஆனால் உள்ளே வருவதுதான் பெரும்பாடு. தீவைச் சுற்றிப் பவளப்பாறைத் தொடர் மதில் போல ஓடுகிறது. மொத்த நீளம் சுமார் 1,600 கிலோமீட்டர். மதிலுக்கும் கரைக்கும் நடுவே பரந்த காயல். இந்தக் காயலும் பாறைத்தொடரும் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இன்று உலகம் வியக்கும் இந்த அழகு அன்றைய மாலுமிக்குப் பயத்தின் மறுபெயர். மதிலில் ஆங்காங்கே வாசல்கள் உண்டு. நூமேயாவுக்குத் தெற்கிலிருந்து வருகிற கப்பலுக்கு முக்கியமான வாசல் பூலாரி. அந்த வாசலுக்கு உட்புறமாகச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் அமேடே திட்டு.

பிரான்ஸ் தீவை எடுத்துக்கொள்வதற்கு முன்பே பிரெஞ்சுக் கடற்படை இந்தப் பாறையின் குணத்தைத் தெரிந்துகொண்டுவிட்டது. 1846 ஜூலையில் 'லா சேன்' என்ற போர்க்கப்பல் தீவின் வடகிழக்கில் பூவெபோ அருகே பாறையில் ஏறி மூழ்கியது. ஆட்கள் கரை சேர்ந்தார்கள், கப்பல் போய்விட்டது.

1863 செப்டம்பரில் இன்னொரு முடிவு வந்தது. நியூ கலிடோனியா கைதிகளை அனுப்பும் தீவாகும் என்று பிரான்ஸ் ஆணை பிறப்பித்தது. இதன் பொருள் என்னவென்றால், இனி வரப்போகும் கப்பல்களில் நூற்றுக்கணக்கான பேர் பூட்டிய அறைகளுக்குள் இருப்பார்கள். கப்பல் பாறையில் மோதினால் அவர்களால் நீந்தித் தப்பிக்கக்கூட முடியாது. 1897 வரை 20,000 பேருக்கும் மேல் இப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். 1860களில் ரீயூனியன் தீவிலிருந்து கரும்புத் தோட்டக்காரர்களும் வந்தார்கள். அவர்களோடு, பிரெஞ்சுக்காரர்கள் 'மலபார்' என்று அழைத்த இந்தியக் கூலித் தொழிலாளர்களும் வந்தார்கள். ரீயூனியனில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். பாறையைக் கடந்து உள்ளே போன கப்பல்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

கவனிக்கப்பட்டவை

சாதாரணக் கரையை நெருங்கும்போது மாலுமிக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பார்கள். ஆழம் படிப்படியாகக் குறைந்தால் கரை பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். பவளப்பாறை மதிலின் வெளிப்பக்கம் அப்படி இல்லை. சுவர் போல ஆழத்துக்கு இறங்கிவிடும். குண்டு தரையைத் தொடவே தொடாது. அடுத்த முறை கயிற்றை இறக்குவதற்குள் கப்பல் பாறை மேல் ஏறியிருக்கும். பகலில் அலை உடைந்து வெள்ளையாக நுரைப்பது தெரியும், இரவில் அதுவும் கிடையாது. இரைச்சல் காதில் விழும் தூரத்துக்கு வந்துவிட்டால் பாய்க்கப்பலால் திரும்ப முடியாது. தீவின் மலைகளோ பாறையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கின்றன. மலையின் நிழல் தெரிகிறதே, இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைப்பவருக்கு நடுவில் மதில் காத்திருக்கும்.

ஆக, விளக்கு எங்கே வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. கரையில் வைத்தால் பயன் குறைவு, வாசலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கே இருக்கும் ஒரே நிலம் இந்த மணல்திட்டு.

எவ்வளவு உயரம்? இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பூமி வளைவாக இருப்பதால் தாழ்வான விளக்கு சீக்கிரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். கடலுக்கு மேல் 10 மீட்டரில் விளக்கு வைத்தால், 5 மீட்டர் உயரத் தளத்தில் நிற்கும் மாலுமிக்கு அது சுமார் 21 கிலோமீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படும். 50 மீட்டரில் வைத்தால் சுமார் 36 கிலோமீட்டர். இடையே உள்ள 15 கிலோமீட்டர், மணிக்கு 11 கிலோமீட்டர் ஓடும் பாய்க்கப்பலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான அவகாசம். காற்றைப் பார்த்து, பாயைச் சுருக்கி, விடியும்வரை வெளியே காத்திருக்கலாமா என்று முடிவெடுக்க அந்த ஒரு மணி நேரம் போதும். திட்டோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே இருக்கும் வெறும் மணல். குன்று இருந்தால் குட்டைக் கோபுரம் போதும். இங்கே முழு உயரத்தையும் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

கட்டுவதற்கோ கையில் எதுவும் இல்லை. குடியிருப்பு தொடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. கருங்கல்லைச் செதுக்கிப் பொருத்தும் அனுபவமுள்ள ஆட்கள் இல்லை. கல்லை வெட்டி 22 கிலோமீட்டர் படகில் கொண்டுபோய்த் திட்டில் இறக்குவது என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். ஐரோப்பாவிலிருந்து பொருள் வர ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஆகும், ஏனென்றால் சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்.

முதல் முடிவு: கல் வேண்டாம், இரும்பு

பிரான்சின் கலங்கரை விளக்கத் துறை கல்லில் ஊறியது. அலை அடிக்கும் பாறைகளின் மேல் கருங்கல் கோபுரம் எழுப்புவதில் அவர்களுக்கு இணை குறைவு. அப்படிப்பட்ட துறையின் தலைவர் இரும்புக்குச் சம்மதித்தார் என்பது சாதாரண விஷயம் இல்லை. பிரான்சில் செய்யப்பட்ட முதல் உலோகக் கலங்கரை விளக்கம் இதுதான்.

முன்மாதிரிகள் இருந்தன, ஆங்கிலேயர்களுடையவை. ஜமைக்காவின் கிழக்கு முனையான மொரான்ட் பாயின்டில் 1841இல் வார்ப்பிரும்புக் கோபுரம் நின்றது. லண்டனில் வார்த்துக் கப்பலில் கொண்டுபோனது. பெர்முடாவின் கிப்ஸ் ஹில்லில் 1846இல் இன்னொன்று ஏற்றப்பட்டது. இரண்டும் இன்றும் இருக்கின்றன. தொலைவில் செய்து கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்பதற்கு அவையே சாட்சி.

ஆனால் பிரெஞ்சுத் துறைத் தலைவர் அவற்றை அப்படியே நகல் எடுக்கவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்புக் கோபுரங்களில் வளைந்த தகடுகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து வளையம் வளையமாக அடுக்குவார்கள். தகடுதான் சுவர், தகடுதான் தூண். மேலே இருக்கும் முழு எடையையும் காற்றின் தள்ளலையும் அதுவே தாங்குகிறது. அதே தகடுதான் உப்புக் காற்றையும் முதலில் வாங்குகிறது. துரு வந்து ஒரு தகடு மெலிந்தால் மெலிவது கோபுரத்தின் பலம். அந்தத் தகட்டைக் கழற்றி மாற்றுவதென்றால் கோபுரத்தின் காலைத் தொடுவதாகும்.

அமேடேயில் இரண்டையும் பிரித்தார்கள். உள்ளே இரும்புச் சட்டகம் ஒன்று, நெட்டுக்குத்தான தூண்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது. எடையையும் காற்றையும் தாங்குவது அது. வெளியே மெல்லிய இரும்புத் தகடு போர்வையாக. போர்வையின் வேலை மழையையும் உப்பையும் தடுப்பது மட்டும். தகடு துருப்பிடித்தால் சட்டகம் அசையாமல் அந்தத் தகட்டை மட்டும் மாற்றலாம். எலும்பும் தோலும் வேறு வேறாக இருக்கிற உடம்பு போல. இருபது ஆண்டு கழித்து நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை உள்ளே இரும்புச் சட்டகமும் வெளியே செம்புத் தோலுமாக எழுந்தது. அதே சிந்தனை 1860களின் தொடக்கத்திலேயே ஒரு கலங்கரை விளக்கத்துக்காக முழுசாக யோசிக்கப்பட்டுவிட்டது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. சட்டகம் தனியாக நிற்கும் என்பதால் அதுவே சாரம். ஒரு தளத்தை எழுப்பி, அதன் மேல் நின்று அடுத்த தளத்தை எழுப்பலாம். 56 மீட்டருக்குச் சாரம் கட்ட மரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியே எழவில்லை.

இரண்டாவது முடிவு: பாரிசிலேயே முழுசாக நிறுத்திப் பார்ப்பது

ஒப்பந்தக்காரரின் பட்டறை பாரிசில். துண்டுகள் தயாரானதும் நேராகப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. 1862இல் பாரிசின் வடகிழக்கே லா வில்லெத் பகுதியில் கோபுரம் முழுவதையும், 56 மீட்டரையும், நிமிர்த்தி நிறுத்தினார்கள். கடலே இல்லாத ஊரில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கலங்கரை விளக்கம்! பாரிஸ்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வேடிக்கைக்காக அதைச் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான துளைகளும் ரிவெட்டுகளும் உள்ள பொருள் இது. ஒரு தூணில் துளை விரல் அகலம் தள்ளிப்போயிருந்தால் பாரிசில் அது அரை நாள் வேலை: பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சரி செய்து கொண்டுவந்துவிடலாம். அதே தவறு பசிபிக் திட்டில் தெரியவந்தால்? கடிதம் பிரான்சுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கு, புதுத் துண்டு வர இன்னும் மாதக்கணக்கு. அதற்குள் ஒரு புயல் காலம் வந்து போகும். பாதிக் கோபுரம் காற்றில் நிற்கும். பொருத்திப் பார்க்க ஆகும் செலவைச் சிலர் வீண் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகச் சரியான முடிவு இதுதான்.

பிறகு அதைப் பிரித்தார்கள். பிரிப்பதும் லேசான வேலை இல்லை. பொருத்தியதற்குத் தலைகீழான வரிசையில் கழற்ற வேண்டும், ஒவ்வொரு துண்டும் எங்கே போகும் என்று அடையாளம் போட வேண்டும், திட்டில் முதலில் தேவைப்படுவது முதலில் கைக்குக் கிடைக்கும்படி கட்ட வேண்டும். 1,200க்கும் மேற்பட்ட பெட்டிகள், மொத்தம் ஏறக்குறைய 388 டன். வகுத்துப் பார்த்தால் ஒரு பெட்டி சராசரியாக 300 கிலோவுக்குச் சற்று மேல். ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் படகிலிருந்து மணலில் இறக்கி நகர்த்தக்கூடிய எடை. துறைமுக வசதி ஏதும் இல்லாத திட்டில் பெட்டியின் எடையும் கோபுரத்தின் உயரம் அளவுக்கு முக்கியம். பெரிய பெரிய துண்டுகளாக அனுப்பியிருந்தால் அவை கடற்கரையிலேயே கிடந்திருக்கும்.

சரக்குப் படகுகளில் சேன் நதி வழியே லெ ஆவ்ர் துறைமுகம். அங்கிருந்து 'எமில் பெரேர்' என்ற கப்பலில் ஏற்றம். 1864 முடிவதற்குள் பெட்டிகள் நியூ கலிடோனியா வந்து சேர்ந்தன.

திட்டில் பத்து மாதம்

1865 ஜனவரி 18 அன்று ஆளுநர் முன்னிலையில் அடிக்கல் நாட்டினார்கள். நாளைக் கவனியுங்கள்: புயல் காலத்தின் நட்ட நடு. நிதானமாகத் திட்டமிடுபவர் மே மாதம் வரை காத்திருப்பார். ஆனால் அடித்தள வேலை தரைமட்டத்தில் நடப்பது, காற்றுக்குப் பெரிதாக எதுவும் நிற்காது. புயல் காலத்தை அடித்தளத்துக்குக் கொடுத்துவிட்டால் உயரமான வேலைக்கு மே முதல் அக்டோபர் வரையான அமைதி மாதங்கள் மிஞ்சும். அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் இதை இப்படித்தான் யோசித்தார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வேலை நடந்த வரிசை அந்தக் கணக்குக்குப் பொருந்தி வருகிறது, அவ்வளவுதான்.

ஓடை இல்லாத மணல்திட்டு அது. உணவு, கருவி, சுண்ணாம்பு, கரி என எல்லாமே நூமேயாவிலிருந்து படகில் வர வேண்டும். அலை பெரிதானால் படகு வராது. நிழல் என்று சொல்ல வளைந்து தாழ்ந்த மரங்கள்தாம். வெயிலில் கிடக்கும் இரும்பைத் தொட முடியாது. திட்டில் பட்டை போட்ட கடல்பாம்புகள் நிறைய. தண்ணீரில் இரை தேடிவிட்டு ஓய்வெடுக்க மணலுக்கு ஏறிவரும். கடும் விஷம் உள்ளவை, ஆனாலும் சாதுவானவை, மிதித்தாலோ பிடித்தாலோ தவிர ஒன்றும் செய்யாது. இன்றும் அங்கே போகிறவர்கள் அவற்றைப் பார்க்கலாம்.

ரிவெட் அடிப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உலையில் பழுக்கக் காய்ச்சிய ஆணியை இடுக்கியால் எடுத்துத் துளையில் செருகி, ஒருவர் பின்னால் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் முன்னால் சுத்தியலால் அடித்துத் தலையை விரிக்க வேண்டும். ஆணி ஆறுவதற்குள் முடிய வேண்டும். ஆறும்போது அது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதைத் தரையில் செய்வதே கஷ்டம். நாற்பது ஐம்பது மீட்டர் உயரத்தில், தென்கிழக்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கும் இடத்தில் செய்தார்கள்.

கோபுரம் எழுந்தபின் விளக்கு. பிரெனெல் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1820களில் கொண்டுவந்த முறைப்படி அமைந்த கண்ணாடி. ஒற்றைத் தடிமனான லென்சுக்குப் பதிலாக, வளையம் வளையமாகச் செதுக்கிய பட்டகங்கள் சுடரைச் சூழ்ந்து நிற்கும். எல்லாப் பக்கமும் சிதறும் வெளிச்சத்தை அவை மடக்கிக் கடலை நோக்கிக் கிடைமட்டமாக அனுப்பும். உள்ளே எரிந்தது சாதாரண எண்ணெய் விளக்குதான். கண்ணாடிதான் அதை அடிவானம் வரை கொண்டுபோனது.

1865 நவம்பர் 15, பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியின் பெயர்நாள். அன்று மாலை விளக்கு ஏற்றப்பட்டது. அடிக்கல்லிலிருந்து பத்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 56 மீட்டருக்கு இது அசாத்திய வேகம். பாரிசில் நிறுத்திப் பார்த்த உழைப்பு இங்கே திரும்பக் கிடைத்தது.

பிறகு நடந்தவை

1870களில் நிக்கல் தாது தோண்டுவது பெருகியது. நூமேயா துறைமுகத்துக்குக் கப்பல் போக்குவரத்து கூடியது. 1942 மார்ச்சில் அமெரிக்கப் படை வந்து இறங்கியதும் நூமேயா தென் பசிபிக் போரின் பெரிய தளமாக மாறியது. இந்தக் காலம் முழுவதும் கோபுரம் தன் வேலையைச் செய்தது. எத்தனையோ புயல்கள் அடித்தன. 2003 மார்ச்சில் எரிக்கா என்ற கடும் புயல் நூமேயாவை நேராகத் தாக்கியது. கோபுரம் நின்றது.

காவலர்கள் வாழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்கு தானாக எரியும் காலம் வருவதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகக் காவலர்கள் திட்டிலேயே தங்கினார்கள். மாலையில் 247 படி ஏறி ஏற்ற வேண்டும். இரவெல்லாம் திரியைக் கவனிக்க வேண்டும். காலையில் கண்ணாடியின் கரியையும் உப்பையும் துடைக்க வேண்டும். எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். இதற்கு நடுவே பெயின்ட். இரும்புக் கோபுரத்தில் பெயின்ட் அலங்காரம் இல்லை, உயிர். ஒரு கோடியில் அடித்து முடிக்கும்போது மறு கோடியில் உப்பு அரிக்கத் தொடங்கியிருக்கும். எலும்பையும் தோலையும் பிரித்த வடிவமைப்பு அபாரம் என்று மேலே எழுதினேன். அது 160 ஆண்டு நின்றதற்கு இந்தத் தூரிகைகளும் சரிபாதிக் காரணம்.

அமேடேயின் வெற்றி பிரான்சுக்குள்ளேயும் திரும்பி வந்தது. பிரிட்டனி கரைக்கு அப்பால் நடுக்கடலில் உள்ள ரோஷ்-தூவ்ர் பாறைக்கு அதே ஒப்பந்தக்காரர் அதே வகைக் கோபுரம் செய்தார். அதையும் பாரிசில் நிறுத்தினார்கள், இந்த முறை 1867 உலகக் கண்காட்சியில். பிறகு பாறையில் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்த்துவிட்டது. போருக்குப் பின் அங்கே எழுந்தது கல் கோபுரம். ஆக அந்த ஜோடியில் மிஞ்சியது அமேடே மட்டும்.

விளக்கு வந்ததால் பாறை பற்றிய கவலை ஒழிந்ததா? இல்லை. 2017 ஜூலையில் 'கீயா டிரேடர்' என்ற புத்தம்புதிய சரக்குப் பெட்டகக் கப்பல், நியூ கலிடோனியாவின் கிழக்கே டுராண்ட் பாறையில் நேராக ஏறி உட்கார்ந்தது. அமேடேயிலிருந்து வெகுதூரம், எந்த விளக்கும் இல்லாத இடம். செயற்கைக்கோள் வழிகாட்டி இருந்தது, பாறை வரைபடத்தில் இருந்தது. சில மாதத்தில் கப்பல் இரண்டாக உடைந்தது. இயந்திரம் சொல்வதைக் கண்ணால் சரிபார்க்க வெளியே ஏதாவது ஒன்று இருப்பது வீண் இல்லை என்று நினைப்பவன் நான். அமேடேயை இன்னும் ஏற்றி வைத்திருப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

மீண்டும் செய்தால் எதை மாற்றலாம்

முதலாவது, சோதனை செய்த இடம். பாரிசில் நிறுத்திப் பார்த்தது துண்டுகள் பொருந்துகின்றனவா என்பதைச் சோதித்தது. பாரிஸ் காற்றில் உப்பு இல்லை, வெயிலும் வேறு. கோபுரம் அங்கே நின்ற காலத்தில் சில தகடுகளையும் பெயின்ட் வகைகளையும் திட்டுக்கு அனுப்பிக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கலாம். எது எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று கோபுரம் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும். இன்று கடலோரத்தில் எதையாவது கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், செலவும் சொற்பம்.

அடுத்தது, ஒற்றை விளக்கின் எல்லை. ஒரு விளக்கு 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும். எந்தக் கோட்டில் வர வேண்டும் என்பதை மாலுமி திசைகாட்டியை வைத்துத்தான் கணிக்க வேண்டும், நீரோட்டம் அதைக் கெடுக்கும். உயரமும் தாழ்வுமாக இரண்டு விளக்குகளை முன்னும் பின்னும் வைத்து, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும்படி வா என்று சொன்னால் பாதையே கண்ணில் தெரியும். நம் மீனவர்கள் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் பிடித்துக் கரை சேர்வது இதே தத்துவம். ஒரு வாசலுக்கு முதல் விளக்கைத் திட்டமிடும்போதே இரண்டாவதற்கும் இடம் குறித்துவிட வேண்டும்.

திட்டையும் பாறையையும் தலைமுறை தலைமுறையாகப் படகில் கடந்தவர்கள் கனாக் மக்கள். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் மணல் அரிக்கும், எந்த மாதத்தில் படகு இறக்க முடியாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நிலத்தைப் பறித்துக்கொண்டிருந்த ஓர் ஆட்சி அவர்களிடம் உட்கார்ந்து கேட்பது நடவாத காரியம். 1878இல் பெருங்கலகம் வெடித்ததே அந்தப் பறிப்பினால்தான். ஆனால் இன்று ஒரு தீவில் வேலை தொடங்குபவருக்குத் தீவுக்காரர்கள் முதல் ஆலோசகர்களாக இருக்க வேண்டும், கூலிப் பட்டியலில் மட்டும் இல்லை.

கடைசியாக, நான் முதலில் சொன்ன தாமதம். கோபுரம் 1862இல் பாரிசில் முழுசாக நின்றது. பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ளச் சில வாரங்கள் போதும். 1864 நடுப்பகுதி வரை, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு, அது அங்கேயே இருந்தது. அந்த இடைவெளியில் பூலாரி வாசலுக்குப் பெரிய விளக்கு இல்லை. உடனே அனுப்ப முடியாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டில் ஒரு தற்காலிகக் கம்பம் நட்டிருக்கலாம். 12 மீட்டர் மரக்கம்பமும், தினமும் கவனித்துக்கொள்ள இரண்டு ஆளும், நல்ல எண்ணெய் விளக்கும் போதும். அடிவானக் கணக்கின்படி 22 கிலோமீட்டர் வரை அந்த உயரம் கண்ணுக்கு எட்டும். சின்ன விளக்கின் சுடர் அதில் பாதித் தூரம் தெரிந்திருந்தால்கூட வாசலுக்கு வெளியே இருப்பவருக்குப் பாறை இருக்கிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். பெரிய திட்டம் முடியும்வரை சின்ன ஏற்பாடு என்பதை வேலைப் பட்டியலின் முதல் வரியாக எழுத வேண்டும்.

முதல் கைதிக் கப்பல் 1864 மே மாதம் சுமார் 250 பேரோடு பாறைத்தொடரைக் கடந்து உள்ளே வந்தது. அமேடே கோபுரம் அன்றைக்கும் லா வில்லெத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.